கண்டாலா மலை ஏறிய இட்லிக்காரர்

விடியற்காலையில் தாராவித் தொண்ணூறு அடிச் சாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கேரியரில் இட்லி அண்டா, ஹேண்டில் பாரின் ஒரு பக்கம் சாம்பார்த் தூக்கு, மறுபக்கம் சட்னி வாளி என்று கட்டிக்கொண்டு நம்மவர்கள் சைக்கிளில் புறப்படுவார்கள். ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாஹிம், பாந்திரா, தாதர் என்று ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போவார்கள். ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் அவர்களிடம் நாமும் நாலு இட்லி வாங்கித் தின்றிருக்கிறோம். அந்தச் சைக்கிளின் பாரம் எவ்வளவு, அதை மிதிக்கிற காலின் பலம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

ஒரே ஒருவர் யோசித்தார். அதன் பலனாக ஓர் இட்லிக்காரர் மும்பை - புனே சைக்கிள் பந்தயத்தில் ஓடினார். 1980களின் பிற்பகுதியில் நடந்த சங்கதி இது. அன்று இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"ஜெயிச்சவன் பேரைப் போடுங்க தம்பி. பதினேழாவதா வந்தவன் பேரு எதுக்கு?" என்று சிரிக்கிறார்.

சொந்த ஊர் நெல்லைச் சீமை. ஆகவே அந்தப் பக்கத்து வழக்கப்படி 'அண்ணாச்சி' என்றே இந்தக் கட்டுரையில் அவரைக் குறிப்பிடுகிறேன்.

பந்தயத்தின் பாதை

மும்பைக்கும் சைக்கிளுக்கும் நீண்ட நாள் உறவு உண்டு. 1923ல் இந்த நகரைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளிலேயே உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். அவர்களில் மூவர் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் சுற்றி முடித்து 1928ல் ஊர் திரும்பினார்கள். 1948ல் லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்தியா அனுப்பிய சைக்கிள் அணியிலும் மும்பைக்காரர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நகரத்திலிருந்து புனேவுக்கு நடக்கும் பந்தயம் மராட்டிய மாநிலத்தில் சைக்கிள் பிடிக்கிற ஒவ்வொரு பையனுக்கும் தெரிந்த பந்தயம்.

பாதை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். தானே கடற்கழியின் மேலுள்ள வாஷி பாலத்தைத் தாண்டி, பன்வேல் வழியாகக் கோபோலி வரை பெரும்பாலும் சமதளம். கோபோலியில் மலை தொடங்குகிறது. அங்கிருந்து கண்டாலாவுக்குள் சில கிலோமீட்டர் தூரத்திலேயே 500 மீட்டர் அளவுக்கு மேலே ஏறியாக வேண்டும். இந்த மலைப்பாதையை முதலில் ஏறி முடிப்பவருக்கு 'காட்டாச்சா ராஜா', அதாவது மலைப்பாதையின் ராஜா என்று தனிப் பட்டம். புனேயில் முதலில் வருகிறவருக்குக் கிடைக்கிற மரியாதைக்கு இது குறைந்ததல்ல. கண்டாலா, லோனாவளாவுக்கு அப்புறம் காம்ஷேட், தலேகாவ், சிஞ்ச்வட் என்று புனே வரையில் இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிற எனக்கு இந்த மலையைப் பற்றி வேறு ஒரு கணக்கும் தெரியும். 1863ல் திறக்கப்பட்ட ரயில் பாதை கோபோலி வழியாக இந்த மலையை ஏறவில்லை. கர்ஜத் வழியாக ஏறுகிறது. அதில் மிகச் செங்குத்தான இடங்களில் 37 அடி போனால் 1 அடி ஏற்றம். அதனால்தான் புனே போகும் ரயில்களுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்று கூடுதல் எஞ்சின்களை மாட்டுகிறார்கள். 'பேங்கர்' என்று அவற்றுக்குப் பெயர். கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது வடாபாவ் வாங்க இறங்குகிறோமே, அது அந்த எஞ்சின் மாட்டுகிற நேரம்தான். ஆயிரக்கணக்கான குதிரைச் சக்தி உள்ள எஞ்சினுக்கே துணை வேண்டியிருக்கிற மலை. சைக்கிள்காரனுக்குப் பின்னாலிருந்து தள்ள யார் இருக்கிறார்கள்?

வேலைக்காக ஒரு பந்தயம்

அண்ணாச்சி விளையாட்டு ஆசையினால் பந்தயத்துக்குப் போனவரல்ல. அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வயிறு இருந்தது.

அவருடைய அக்காள் கணவர் இங்கே பஞ்சாலையில் வேலை பார்த்தவர். 1982 ஜனவரி 18ஆம் தேதி மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். வெளியே வந்தவர்களில் பெரும்பகுதியினர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. அத்தானும் அவர்களில் ஒருவர். ஊரில் பத்தாவது முடித்துவிட்டு சும்மா இருந்த மைத்துனரை அக்காள் கடிதம் போட்டு வரவழைத்தார். அக்காளும் அத்தானும் இரவெல்லாம் மாவாட்டி இட்லி அவிக்க, அதை விற்றுவருவது இவர் பொறுப்பு.

"ரெண்டு மணிக்கு அடுப்பு பத்தவைப்பாக. நாலரைக்கு நான் வண்டியை எடுத்திருவேன். நானூறு இட்லி, பாத்துக்கிடுங்க. வித்து முடிச்சு வரும்போது பத்து மணி ஆயிரும். ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு, முப்பது கிலோமீட்டர் மிதிச்சிருவேன்" என்கிறார் அண்ணாச்சி.

தாதரில் அவரிடம் வழக்கமாக இட்லி சாப்பிடுகிறவர்களில் ஒரு மராட்டியர். ரயில்வே ஊழியர், இளவயதில் பந்தயங்களில் ஓடியவர். 'காகா' என்று அண்ணாச்சி அவரை அழைப்பார். ஒரு நாள் பக்கத்து மளிகைக்கடைத் தராசில் இந்தச் சைக்கிளைப் பாரத்தோடு ஏற்றி நிறுத்துப் பார்த்தார் காகா. 62 கிலோ! காகா அப்புறம் அண்ணாச்சியின் கெண்டைக்காலைக் குனிந்து பார்த்தாராம்.

"இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு சயான் பாலத்தில் இறங்காமல் ஏறுகிறாயே, நீ ஏன் பந்தயத்துக்கு வரக்கூடாது?" என்று கேட்டார். ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கென்று வேலை ஒதுக்கீடு உண்டு என்றும், பெரிய பந்தயம் ஒன்றில் நல்ல இடம் வந்தால் நாலு பேர் கண்ணில் படலாம் என்றும் சொன்னார்.

அன்று இரவு வீட்டில் அந்தப் பேச்சுதான். அத்தான் சம்மதித்தார். அக்காளுக்கு மனமில்லை. "விழுந்து கை கால் ஒடிஞ்சா நாளைக்கு இட்லி யாரு கொண்டுபோவா?" என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பல்லுக்குப் பல் கணக்கு

பந்தயத்துக்கு இட்லி சைக்கிள் ஆகாது. காகா தம்மிடம் கிடந்த பழைய ரேஸ் சைக்கிள் ஃபிரேம் ஒன்றைக் கொடுத்தார். சக்கரங்கள், வளைந்த ஹேண்டில் பார், மெல்லிய டயர் எல்லாம் இரண்டாங்கை விலைக்கு வந்தன. கியர் வாங்கத்தான் பணம் போதவில்லை. ஆகவே பின்சக்கரத்தில் ஒரே ஒரு பிரீவீல்தான்.

பாமர சைக்கிள்காரர்களான நமக்கு இது என்ன பெரிய குறை என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். அண்ணாச்சியின் சைக்கிளில் முன்னால் 48 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 5.7 மீட்டர் நகரும். கியர் வைத்திருக்கிற வீரர் சமதளத்தில் 52க்கு 14 என்று போட்டுக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 மீட்டர் போய்விடுவார். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போக அவர் நிமிஷத்துக்கு 73 தடவை மிதித்தால் போதும். அண்ணாச்சி 102 தடவை மிதிக்க வேண்டும். சரி, பின்னால் சின்ன பிரீவீலாகப் போட்டுக்கொள்ளலாமே என்றால், அதை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது. மலைக்குத் தோதாகப் பெரியதாகப் போட்டால் சமதளத்தில் காலைக் காற்றாடி மாதிரிச் சுற்ற வேண்டும்.

மூன்று நாள் யோசித்து, இரண்டுக்கும் நடுவாக 18 பல்லே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். "மளிகைக்கடையில ஒரே படிக்கல்லை வச்சு எல்லாத்தையும் நிறுக்கச் சொன்ன மாதிரிதான்" என்கிறார் அண்ணாச்சி.

காற்று என்னும் எதிரி

பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில். இட்லி வியாபாரம் அதிகமாக நடப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே அன்று மட்டும் இருநூறு இட்லியோடு எட்டு மணிக்கே முடித்துக்கொண்டு காகாவோடு பன்வேலுக்குப் போய்த் திரும்புவார். அந்த வருமான நஷ்டத்தைப் பற்றி அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார்.

அங்கேதான் அவருக்குப் புதுப் பாடம் கிடைத்தது. பாரம் இழுக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெருவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும்போது காற்று ஒரு பொருட்டல்ல. மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டினால் மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. அதைத் தள்ளத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு! ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் போகிறவருக்கு நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிச்சமாகும். ஆகவேதான் பந்தயக்காரர்கள் கூட்டமாகப் போகிறார்கள். எதிரிகளாக இருந்தாலும் ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்கிறார்கள். தன் முறை முடிந்தவர் ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்.

கேட்பதற்குச் சுலபம். ஒரு முழ இடைவெளியில் அடுத்தவர் சக்கரத்தைப் பின்தொடர்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. இஷ்டத்துக்கு வளையக் கூடாது. முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தை நுழைக்கக் கூடாது. உரசினால் விழுவது பின்னால் வருகிறவர்தான். நடுவில் ஒருவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் பத்துப் பேர் விழுவார்கள்.

"நான் அதுவரைக்கும் தனியா ஓட்டிப் பழகுனவன். கூட்டத்துல ஓட்டத்தான் எனக்குப் பயம்" என்கிறார் அண்ணாச்சி.

அந்தக் காலை

பந்தய நாள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ராணுவத்திலிருந்து வந்தவர்கள், ரயில்வே வீரர்கள், சாங்லி, கோலாப்பூர் பக்கத்துப் பையன்கள், பஞ்சாபிலிருந்து வந்த சர்தார்கள். ஒரே மாதிரி சட்டை போட்டு நின்றவர்களுக்கு நடுவில் அண்ணாச்சி பனியனோடு நின்றார். சட்டைக்குப் பதில் அக்காள் அந்தப் பனியனின் முதுகில் இரண்டு பை தைத்துக் கொடுத்திருந்தார். ஒன்றில் வாழைப்பழம். இன்னொன்றில் ஊரிலிருந்து வந்திருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய்.

"பசிக்கிறதுக்கு முந்தித் தின்னு, தாகம் எடுக்கிறதுக்கு முந்திக் குடி" என்பது காகாவின் கட்டளை. உடம்பில் சேமித்து வைத்திருக்கிற சர்க்கரை, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னும் பின்னுமாகத் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு தின்றால் உடனே பலிக்காது. கண் இருட்டும், கை நடுங்கும், எப்பேர்ப்பட்ட வீரனும் சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவான்.

கோபோலி வரையில் அண்ணாச்சி கூட்டத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு போனார். முன்னால் போகிறவர்களின் கால்கள் நிதானமாகச் சுற்றின. இவருடைய கால்கள் தையல் மிஷின் ஊசி மாதிரி துடித்தன. பன்வேலுக்கு அப்பால் ஒரு வளைவில் நாலைந்து பேர் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். இவர் கடைசியில் இருந்ததால் மண்ணில் இறங்கித் தப்பித்தார். கூட்டம் நூறு கஜம் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

கோபோலி வந்தது. மலை எழுந்து நின்றது.

மலையில் காற்றுக்கு வேலையில்லை. அங்கே வேகம் குறைந்துவிடுகிறது. எதிரி பாரம் மட்டும்தான். கியர் உள்ளவர்கள் 'கடக், கடக்' என்று இறக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஏறினார்கள். அண்ணாச்சிக்கு இறக்க ஒன்றுமில்லை. சீட்டை விட்டு எழுந்தார். ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு உடம்பின் முழுப் பாரத்தையும் ஒவ்வொரு மிதிக்கும் கொடுத்தார். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து மிதி. இட்லி அண்டாவோடு சயான் பாலம் ஏறுகிற அதே மிதி.

"அண்டா இல்லாம ஏறுனேனா, சைக்கிளு பஞ்சு மாதிரி இருந்துச்சு தம்பி! ஒவ்வொருத்தனாத் தாண்டிக்கிட்டே போனேன். கியர் வச்சிருந்தவனும் நின்னுட்டான். எனக்கே நம்ப முடியல" என்று சொல்லும்போது அண்ணாச்சியின் முகம் மலர்கிறது.

அந்த மலைப்பாதையில் சிங்ரோபா கோயில் இருக்கிறது. மலை ஏற வழி தெரியாமல் தவித்த வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கு வழி காட்டிய இடையன் இந்தச் சிங்ரோபா என்றும், காரியம் முடிந்ததும் அவனையே கொன்றுவிட்டார்கள் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகிறது. இன்றும் லாரி டிரைவர்கள் அங்கே காசு போட்டுவிட்டுப் போவார்கள். அண்ணாச்சியிடம் காசு இல்லை. மனதால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதித்தார்.

உச்சிக்குப் பக்கத்தில் அப்போது அமிர்தாஞ்சன் பாலம் இருந்தது. அந்த வலிநிவாரணத் தைலத்தின் விளம்பரப் பலகை அங்கே இருந்ததால் பாலத்துக்கே அந்தப் பெயர் ஏற்பட்டுவிட்டது. 1893ல் மும்பையில் பிறந்து, 1914ல் சென்னைக்குக் குடிபோன தைலம் அது. நம்மைப்போல் இரண்டு ஊருக்கும் சொந்தக்காரர்! வெள்ளைக்காரர் காலத்து அந்தப் பாலத்தை 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் வெடிவைத்து இடித்துவிட்டார்கள். "இடுப்பு விட்டுப்போன நேரத்துல அந்தப் பேரைப் பாத்தேன். சிரிப்பு வந்துட்டுது" என்கிறார் அண்ணாச்சி.

மலைப்பாதையின் ராஜா பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வாங்கியவர் வெகுநேரம் முன்பே போய்விட்டார். ஆனால் கோபோலியில் எண்பதாவது ஆளாக இருந்த அண்ணாச்சி கண்டாலாவில் இருபதுக்குள் வந்துவிட்டார்.

தனி ஆள்

லோனாவளா கடைத்தெருவில் சிக்கிக் கடைகள் திறந்துகொண்டிருந்தன. அதே கடலை, அதே வெல்லம். முதுகுப் பையிலிருந்து கோவில்பட்டி மிட்டாயை எடுத்துக் கடித்துக்கொண்டே கடைத்தெருவைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தார், பின்னால் ஒருவரும் இல்லை. முன்னாலும் ஒருவரும் இல்லை. மலையில் அத்தனை பேரையும் தாண்டி வந்தவர் இப்போது தனியாக இருந்தார்.

எதிர்க்காற்று ஆரம்பித்தது.

"மலையில எனக்கு வலிக்கல. அந்த வெட்டவெளியிலதான் செத்தேன்" என்கிறார். காம்ஷேட் வரையில் ஏறக்குறைய அரை மணி நேரம் அவர் அந்தக் காற்றோடு மல்லுக்கு நின்றார். முன்னால் மறைப்பதற்கு ஒரு முதுகு இல்லை. இருந்த ஒரே பிரீவீலும் உதவவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. வேலை போயிற்று, இந்தப் பந்தயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாராம்.

அப்போது பின்னாலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஒரு சிறு கூட்டம் வந்தது. மலையில் இவர் தாண்டி வந்தவர்கள்தான். ஒரு சர்தார் பக்கத்தில் வந்ததும் ஒரு கையால் பின்பக்கத்தைக் காட்டினார். 'வா, வரிசையில் சேர்ந்துகொள்' என்று அர்த்தம். அண்ணாச்சி சேர்ந்துகொண்டார்.

முதல் ஐந்து நிமிஷம் கடைசியில் இருந்து மூச்சை மீட்டுக்கொண்டார். பிறகு அவருடைய முறை வந்தது. போகாமல் இருந்திருக்கலாம், பந்தயத்தில் அப்படி ஒளிந்துகொண்டே வருகிறவர்களும் உண்டு. முன்னால் போனார். அரை நிமிஷம் காற்றை வாங்கிவிட்டு ஒதுங்கினார். இப்படி ஒன்பது பேர். ஒருவருக்கு மராட்டி, ஒருவருக்குப் பஞ்சாபி, ஒருவருக்குக் கன்னடம், இவருக்குத் தமிழ். புனே வரையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. முழங்கையை அசைத்தால் 'நீ முன்னால் வா', கையைக் கீழே காட்டினால் 'பள்ளம் இருக்கிறது'. தனியாக மணிக்கு இருபத்தைந்துகூடப் போக முடியாமல் தவித்தவர் அந்த வரிசையில் முப்பத்தைந்தில் போனார். தலேகாவ் பக்கத்தில் பையிலிருந்த கடலைமிட்டாயை உடைத்து இரண்டு பக்கமும் நீட்டினார். சர்தார் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார்.

புனே நகரத்துக்குள் நுழைந்ததும் இந்த உறவு முடிந்துவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டரில் ஒன்பது பேரும் மறுபடி எதிரிகளானார்கள். கியர் இல்லாத அண்ணாச்சியால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த ஒன்பது பேரில் ஆறாவதாகவும், மொத்தத்தில் பதினேழாவதாகவும் வந்தார். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். இறங்கி நிற்க முடியாமல் சைக்கிளோடு சாய்ந்தவரை அதே சர்தார்தான் தாங்கிப் பிடித்தாராம்.

வேலை கிடைத்ததா?

கிடைக்கவில்லை. விளையாட்டு ஒதுக்கீடு பற்றி நம் பிள்ளைகளுக்கு இன்றும் சரியான விவரம் தெரிவதில்லை என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பந்தயத்தில் ஓடி முடித்ததற்காக ரயில்வேயில் வேலை கொடுப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற சாம்பியன்ஷிப் போட்டிகளில் எந்த இடம் வந்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். படிப்புத் தகுதி, வயது வரம்பு, தேர்வுக் களத்தில் ஓடிக் காட்டுதல் எல்லாம் உண்டு. காகா நல்லெண்ணத்தில் சொன்னார். அவருடைய காலத்து அனுபவம் அது.

அண்ணாச்சி மறுநாள் காலையில் வழக்கம்போல் இட்லி கொண்டுபோனாரா என்று கேட்டேன். "கொண்டுபோகாம? அக்கா ரெண்டு மணிக்கே எழுப்பிட்டா. கால் ரெண்டும் மரக்கட்டை. ஆனாலும் போனேன்" என்றார்.

ஆனால் ஒன்று நடந்தது. அவர்கள் சந்தில் அப்போது ஏழு குடும்பங்கள் இட்லி வியாபாரம் செய்தன. ஏழும் தனித்தனி அடுப்பு, தனித்தனி ஆட்டுக்கல். ஏழு வீட்டிலும் பெண்கள் இரவு முழுக்கக் கண்விழித்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று அந்த வீட்டில் வியாபாரம் இல்லை, வருமானம் இல்லை. அடுத்தவர் வாடிக்கைக்காரர்களைப் பிடிப்பதற்கு ஒருவருக்கொருவர் போட்டி வேறு.

பந்தயம் முடிந்த சில மாதங்களில், அண்ணாச்சி அந்த ஏழு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசினார். பணம் சேர்த்து மின்சாரத்தில் ஓடும் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கினார்கள். முறை போட்டுக்கொண்டு மாவாட்டினார்கள். ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரு ராத்திரிதான் கண்விழிப்பு. மற்ற ஆறு ராத்திரியும் தூக்கம். தெருக்களைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் ஊருக்குப் போனால் அவர் தெருவுக்கு இன்னொருவர் போய் விற்றுக் கணக்குக் கொடுத்தார்.

"சண்டை வரலையா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா? தன் முறைக்கு எழுந்திரிக்காதவனும் இருந்தான். ஒருத்தர் பிரிஞ்சே போயிட்டாரு. ஆனா மிச்ச ஆறு பேரும் பிள்ளைகளைப் படிக்க வச்சிட்டோம், பாத்துக்கிடுங்க" என்றார். அவருடைய மகள் இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. மருமகன் வங்கிக் குமாஸ்தா.

அக்காள் காலமாகிவிட்டார். பை தைத்த அந்தப் பனியன் எங்கே என்று கேட்டதற்கு, "அதுவா? கரித்துணியாப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பந்தயச் சான்றிதழும் 2005 ஜூலை 26ஆம் தேதிப் பெருவெள்ளத்தில் போய்விட்டதாம்.

பந்தயம் ஓட நினைக்கும் பிள்ளைகளுக்கு

இப்போது சைக்கிள் பந்தயத்தில் ஆர்வம் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் தாராவியிலும் செம்பூரிலும் அந்தாப் ஹில்லிலும் சிலர் இருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் நாள் முழுவதும் சைக்கிள் மிதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக அண்ணாச்சியிடம் கேட்டு எழுதிக்கொண்ட நாலு வார்த்தை:

ஒன்று, தலைக்கவசம் இல்லாமல் பயிற்சிக்குக்கூடப் போக வேண்டாம். அவர் ஓடிய காலத்தில் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்று அது இல்லாமல் பந்தயத்தில் நிற்கவே விடமாட்டார்கள்.

இரண்டு, 2002ல் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை - புனே விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பயிற்சிக்குப் பழைய சாலைதான். அங்கும் லாரிகள் நிறைய. விடியற்காலையில், பின்னால் சிவப்பு விளக்கோடு, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போக வேண்டும்.

மூன்று, விலை உயர்ந்த சைக்கிள் வாங்கக் கடன் வாங்காதீர்கள். இருக்கிற சைக்கிளில் ஆறு மாதம் ஓட்டி, மாவட்ட சைக்கிள் சங்கத்தில் பதிவு செய்து, சின்னப் பந்தயங்களில் இரண்டு மூன்று ஓடிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

நாலாவது, வரிசையில் போகப் பழகுங்கள். முன்னால் போகிறவன் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்குவது தப்பில்லை. தன் முறை வரும்போது முன்னால் போகாமல் இருப்பதுதான் தப்பு. அப்படிப்பட்டவனை அடுத்த பந்தயத்தில் ஒருவரும் வரிசையில் சேர்க்கமாட்டார்கள்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர வேண்டும் என்று எழுந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் பேத்தியைப் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் முறை.